என்ஜின் லேபில் கைகொடுத்தவர்களுக்கு

அன்புள்ள எல்லாருக்கும்,

வணக்கம். இந்த மாதக் கடைசியில் பணி ஓய்வு பெறுகிறேன். வழியனுப்பு விழாவில் பேச ஐந்து நிமிடம்தான் என்று துறைத்தலைவர் முன்கூட்டியே சொல்லிவிட்டார். சால்வை போடுவதற்கே அது சரியாகப் போய்விடும். அதனால் சொல்ல வேண்டியதை எழுதியே விடுகிறேன். பெயர் போட்டால் சிலருக்குக் கூச்சம். சிலருக்கு, தன் பெயர் ஏன் மூன்றாவதாக வந்தது என்ற வருத்தம். ஆகவே யார் பெயரும் இதில் இல்லை. படித்தால் அவரவருக்குத் தெரிந்துவிடும்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் மாற்று எரிபொருள், சுத்தமான என்ஜின் என்று நான் இறங்கியபோது கோவையில் அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பம்ப்செட்டும் ஃபவுண்டரியும் நிறைந்த ஊர். என்ஜின் என்றால் ஓட வேண்டும், டீசல் கம்மியாகக் குடிக்க வேண்டும், அவ்வளவுதான் கணக்கு. எங்கள் லேபில் நின்றதும் விவசாயிகள் கிணற்றடியில் வைத்திருந்த அதே வகை ஒற்றை சிலிண்டர் கிர்லோஸ்கர் டீசல் என்ஜின்தான், நிமிடத்துக்கு 1500 சுற்று. அதன் புகையை அளக்க எங்களிடம் கருவி இருந்தது. சிலிண்டருக்குள் என்ன நடக்கிறது என்று பார்க்கத்தான் வழியில்லை.

அந்த வழியைத் திறந்துவிட்டவர் கோவை கணபதிப் பகுதியில் லேத் பட்டறை வைத்திருந்த அண்ணன். எரியும் நேரத்து அழுத்தத்தை அளக்க சிலிண்டர் ஹெட்டில் துளை போட்டு சென்சார் பொருத்த வேண்டும். ஹெட்டுக்குள் தண்ணீர் ஓடும் பாதை வளைந்து வளைந்து போகும். துளை அரை நூல் விலகினாலும் ஹெட் வீண். நான் கொடுத்த வரைபடத்தை அவர் ஓரமாக வைத்துவிட்டு, பழைய இரும்புக் கடையிலிருந்து அதே மாடல் ஹெட் ஒன்றை வாங்கி வந்து குறுக்கே அறுத்துப் பார்த்தார். தண்ணீர்ப் பாதையை சாக்பீஸால் குறித்துக்கொண்டு, அப்புறம்தான் எங்கள் ஹெட்டைத் தொட்டார். அந்தத் துளை வழியாகக் கிடைத்த அழுத்தக் கோடுகளை வைத்துப் பட்டம் வாங்கியவர்கள் இன்று பல ஊர்களில் பேராசிரியர்கள். அண்ணனுக்குக் கூலியாக நாங்கள் கொடுத்தது, பில் போட்டு, மூன்று கையெழுத்து வாங்கி, நான்கு மாதம் கழித்து. அதற்கும் அவர் சிரித்தார்.

எங்கள் லேப் மெக்கானிக் ஐடிஐ படித்தவர். டீசலைத் தூவும் இன்ஜெக்டர் சொட்டுகிறதா, சரியாகத் தூவுகிறதா என்பதைக் காதாலேயே சொல்லிவிடுவார். லோடு மாற்றியதும் ரீடிங் எடுக்கப் பாயும் மாணவர்களை, "தண்ணி சூடு இன்னும் நிலைக்கலை, நோட்டை மூடு" என்று உட்கார வைப்பார். எங்கள் லேபில் எடுத்த எண்களை மற்ற ஊர்க்காரர்கள் நம்பினார்கள் என்றால் பாதிக் காரணம் அந்த அதட்டல்.

2012இல் இந்த ஊரில் ஒரு நாளைக்குப் பத்து மணி நேரத்துக்கு மேல் கரண்ட் இல்லாத காலம் ஒன்று இருந்ததே, நினைவிருக்கும். என்ஜின் தன் பாட்டுக்கு ஓடும். புகையில் என்னென்ன இருக்கிறது என்று அளக்கும் வாயு அனலைசருக்கு மின்சாரம் வேண்டும், அதுவும் தடங்கல் இல்லாமல். ஹாஸ்டல் ஜெனரேட்டரிலிருந்து எங்களுக்குத் தனி லைன் இழுத்துக் கொடுத்தார் எங்கள் வயர்மேன். புகை குறைக்கும் ஆராய்ச்சி, கரும்புகை கக்கும் ஜெனரேட்டரை நம்பி நடந்தது. இதை எந்தக் கட்டுரையிலும் எழுத முடியவில்லை, இங்கே எழுதிவிட்டேன்.

பொள்ளாச்சிப் பக்கத்து எண்ணெய் ஆலைக்காரருக்கும், அங்கே தேங்காய்த் தொட்டி (சிரட்டை) உடைத்துக் கொடுத்த அக்காமார்களுக்கும் தனியாக நன்றி சொல்ல வேண்டும். தொட்டியை முழுக்க எரியவிடாமல், காற்றைக் குறைத்துப் புகையவிட்டால் எரிவாயு கிடைக்கும். அதில் பாதி வெறும் நைட்ரஜன். மீதியில் கார்பன் மோனாக்சைடும் ஹைட்ரஜனும்தான் முக்கியம். சக்தி குறைந்த வாயுதான், ஆனாலும் டீசல் என்ஜினில் காற்றோடு சேர்த்து விட்டால் டீசல் செலவில் பாதிக்கு மேல் மிச்சம். சிக்கல் தார். வடிகட்டாமல் விட்டால் வால்வில் பிசின் மாதிரி ஒட்டிக்கொள்ளும். தொட்டித் துண்டுகள் ஒரே அளவாக இல்லாவிட்டால் உலைக்குள் பாலம் கட்டி நின்றுவிடும், தார் இன்னும் கூடும். அளவு பார்த்து உடைத்தது அந்த அக்காமார்கள். சோதனைக் குழாயில் எரியும் சுடர் நிலையாக நின்றதுமே, "வாயு வந்திருச்சு, என்ஜினுக்குத் திருப்புங்க" என்று எங்கள் மீட்டருக்கு முன்னால் சொன்னதும் அவர்கள்தான். ஆலைக்காரரோ, ஓடிக்கொண்டிருந்த தன் ஜென்செட்டையே சோதனைக்குக் கொடுத்தார். அந்தத் துணிச்சல் எனக்கு இருந்திருக்குமா தெரியாது.

காங்கேயம் பக்கத்து விவசாயி ஒருவருக்கு நன்றியோடு ஒரு வணக்கமும். 2003 வாக்கில் திட்டக்குழு காட்டாமணக்கை வைத்துத் தேசிய பயோடீசல் இயக்கம் வேண்டும் என்று பரிந்துரைத்தது. தரிசு நிலத்தில், தண்ணீர் இல்லாமல் காய்த்துக் கொட்டும் என்று ஊர் ஊராகப் பேச்சு. இவர் என்னிடம் சொன்னது: "செடி சாகாது சார், அது உண்மை. ஆனா தண்ணி காட்டாம காய்க்காது." அப்படியே ஆனது. நட்டவர்கள் பலர் பிடுங்கிப் போட்டார்கள். 2017க்குள் 20 சதவீதக் கலப்பு என்று 2009 கொள்கை வைத்த இலக்கை டீசலில் நாம் நெருங்கவே இல்லை. அவர் பேச்சைக் கேட்டுத்தான் நான் குளக்கரையிலும் சாலையோரத்திலும் ஏற்கெனவே நின்ற புங்க மரங்களின் பக்கம் திரும்பினேன். யாரையும் புதிதாக எதையும் நடச் சொல்லும் பாவம் இல்லை.

புங்க எண்ணெயை அப்படியே ஊற்றினால் இன்ஜெக்டர் தாங்காது, அவ்வளவு கெட்டி. மெத்தனாலோடு வினைபுரிய வைத்து கிளிசரினைப் பிரித்தால் டீசல் பதத்துக்கு வரும். புகை நன்றாகவே குறைந்தது. என் மாணவரின் வைவாவுக்கு வெளியூரிலிருந்து வந்த அம்மையார் அதை ஒரு நிமிடம் பாராட்டிவிட்டு, "கண்ணுக்குத் தெரிவது குறைந்திருக்கிறது, சரி. கண்ணுக்குத் தெரியாத நைட்ரஜன் ஆக்சைடு ஏறியிருக்கிறதே, அதை என்ன செய்வதாக உத்தேசம்?" என்றார். அடுத்த பல வருட வேலை அந்தக் கேள்விதான். வெளியேறும் புகையில் ஒரு பங்கைக் குளிர வைத்து மறுபடி உள்ளே விட்டால் எரியும் சூடு தணிந்து ஆக்சைடு குறையும். கூடுதலாக விட்டால் போன கரும்புகை திரும்பி வரும். பத்து, பதினைந்து சதவீதத்துக்குள் எங்கள் என்ஜினுக்கு ஒரு இடம் கிடைத்தது. அம்மா, நன்றி. மாணவரும் இப்போது நன்றி சொல்கிறார், அன்று சொல்லவில்லை.

நம் ஊர்க் காற்றுக்குப் பெரிய நன்மை செய்தது எங்களைப் போன்ற வாத்தியார்கள் இல்லை என்பது என் எண்ணம். எரிபொருளைச் சுத்தம் செய்தவர்கள்தான். 2000 பிப்ரவரியில் நாடு முழுக்க ஈயமில்லாத பெட்ரோல் வந்தது. ஈயம் இருந்தால் வண்டிப் புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வர்ட்டர் கெட்டுவிடும். டீசலில் கந்தகம் 2017இல் பத்து லட்சத்தில் 50 பங்கு, 2020 ஏப்ரலில் பிஎஸ் 6 (பாரத் ஸ்டேஜ் 6) என்ற வண்டிப் புகைக் கட்டுப்பாடு வந்தபோது 10 பங்கு. பிஎஸ் 5 என்ற படியையே தாண்டிக் குதித்தோம். கந்தகம் இறங்கியதால்தான் புகை வடிகட்டியை வண்டியில் நம்பி வைக்க முடிந்தது. சுத்திகரிப்பு ஆலைகளில் இதற்காக உழைத்த என் பழைய மாணவர்களே, உங்கள் வேலை எந்த மாநாட்டிலும் கைதட்டல் வாங்கவில்லை. நான் தட்டுகிறேன்.

வீட்டுக்கு நன்றி சொன்னால் வீட்டில் திட்டு விழும். டீசல் வாசனைச் சட்டையைத் தனியாகத் துவைத்த கணக்கு எங்களுக்குள் இருக்கட்டும்.

"எல்லாம் பேட்டரி ஆகிறதே, இனி என்ஜின் எதற்கு?" என்று முதலாண்டுப் பிள்ளைகள் கேட்கிறார்கள். டவுன் பஸ்ஸும் ஸ்கூட்டரும் மின்சாரத்துக்குப் போகட்டும், எனக்குச் சந்தோஷம்தான். அறுவடை இயந்திரமும் கப்பலும் இன்னும் கொஞ்ச காலம் எதையாவது எரித்துத்தான் ஓடும். அது எதுவாக இருக்கலாம் என்று பார்க்கும் வேலையை என் இளைய சக பேராசிரியை எடுத்துக்கொள்கிறார். ஹைட்ரஜன். காற்றில் 4 சதவீதத்திலிருந்து 75 சதவீதம் வரை எந்தக் கலவையிலும் பற்றும், பெட்ரோலுக்குத் தேவைப்படும் பொறியில் பத்தில் ஒரு பங்கே போதும், பகலில் சுடர் கண்ணுக்கே சரியாகத் தெரியாது. அவருக்கு அடுத்த செமஸ்டருக்குள் நல்ல கசிவு காட்டும் கருவிகள் இரண்டு தேவை. ஸ்டோர்ஸ் வழியாக வர எத்தனை மாதம் ஆகும் என்று உங்களுக்கே தெரியும். பழைய மாணவர்களில் யாராவது வாங்கித் தர முடிந்தால் துறை அலுவலகத்தில் ஒரு வார்த்தை சொல்லுங்கள்; எனக்குச் சால்வை வேண்டாம்.

அன்புடன்,
உங்கள் என்ஜின் லேப் வாத்தியார்