கதவு திறந்தது, கட்டணம் இரண்டு முறை போனது: போக்குவரத்து நிர்வாகத்துக்கு ஒரு திறந்த மடல்

பெருமதிப்புக்குரிய நிர்வாகத்தினருக்கு,

வணக்கம். பயணச்சீட்டு வரிசையில் நிற்காமல், வங்கி அட்டையைக் கருவியில் காட்டிவிட்டு உள்ளே போகலாம் என்று நீங்கள் அறிவித்தபோது மகிழ்ந்தவர்களில் நானும் ஒருத்தி. அந்த வசதியை நிறுத்துங்கள் என்று கேட்க இதை எழுதவில்லை. கட்டணம் தவறாகக் கழிக்கப்பட்டால், அதை நிலையத்தில் இருக்கும் ஊழியரே பார்த்து, அங்கேயே திருத்தித் தர வழிசெய்யுங்கள் என்று கேட்கவே எழுதுகிறேன்.

என் அம்மாவுக்கு 72 வயது. அவருடைய வங்கி அட்டையை அவர் கைப்பேசியிலும் நான்தான் பதிந்து கொடுத்திருந்தேன். சென்ற மாதம் ஒருநாள் அவர் கைப்பேசியைக் காட்டி நிலையத்துக்குள் நுழைந்திருக்கிறார். இறங்குவதற்குள் அதில் சார்ஜ் தீர்ந்துவிட்டது. பணம் எப்படியும் அதே கணக்கிலிருந்துதானே போகப்போகிறது என்று எண்ணி, பையிலிருந்த அட்டையை எடுத்துக் காட்டினார். கதவும் திறந்தது. ஏதோ தவறு நடந்திருக்கிறது என்று அவருக்குச் சொல்ல அங்கே ஒரு விளக்கோ ஓர் ஒலியோ இல்லை. வங்கிக் கணக்கை நான் பார்த்தபோதுதான் அதிகபட்சக் கட்டணம் இரண்டு முறை கழிக்கப்பட்டிருப்பது தெரிந்தது.

இதன் காரணத்தை நீங்கள் அறிவீர்கள். அட்டையைக் கைப்பேசியில் பதியும்போது, பாதுகாப்புக்காக அதன் எண்ணுக்குப் பதிலாக வேறோர் எண் வழங்கப்படுகிறது. ஆகவே உங்கள் கணினியின் பார்வையில், கைப்பேசியுடன் உள்ளே போனவர் வெளியே வரவேயில்லை. அட்டையுடன் வெளியே வந்தவர் உள்ளே போகவேயில்லை. பாதி மட்டும் பதிவான பயணங்கள் இரண்டு என்று கொண்டு, ஒவ்வொன்றுக்கும் அதிகபட்சக் கட்டணத்தை அது எடுத்துவிட்டது. ஆனால் இந்த இரண்டு எண்களும் ஒரே அட்டைக்குரியவைதாம் என்று இனங்காட்டும் பொதுவான குறிப்பு எண் ஒன்றை, இந்த அட்டைகளுக்கு அடிப்படையான ஈ.எம்.வி. தரநிலையே வகுத்திருக்கிறது. வழி இருந்தும் அதைப் பயன்படுத்தாமல், எழுபது வயதைக் கடந்த ஒருவர் எண்களின் வேறுபாட்டைத் தெரிந்து வைத்திருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது எப்படி முறையாகும்?

அம்மாவை அழைத்துக்கொண்டு நிலையத்துக்குப் போனேன். "என் திரையில் எதுவும் தெரியாதம்மா, இணையத்தில் கணக்குத் தொடங்கி விண்ணப்பியுங்கள்" என்றார் அங்கிருந்த ஊழியர். "உள்ளே போனதும் நான்தான், வெளியே வந்ததும் நான்தான், தம்பி" என்று அம்மா இரண்டு முறை சொன்னார். அந்த இளைஞரிடம் பதில் இல்லை. அவரைக் குறைசொல்ல மாட்டேன். பயணியின் முன்னால் அவரை உட்கார வைத்துவிட்டு, எதையும் பார்க்கவோ திருத்தவோ அதிகாரம் கொடுக்காமல் விட்டது நிர்வாகம்தான். இணையத்தில் நான் விண்ணப்பித்தேன், பணம் திரும்பி வந்தது. ஆனால் அன்றிலிருந்து அம்மா தனியாக ரயில் ஏறுவதில்லை. நாற்பது ஆண்டுகளாக யார் துணையுமின்றிப் போய்வந்தவர், இப்போது எனக்கு விடுமுறை நாள் எப்போது வரும் என்று காத்திருக்கிறார்.

லண்டனில் 2012 டிசம்பரில் பேருந்துகளிலும் 2014 செப்டம்பரில் சுரங்க ரயில்களிலும் வங்கி அட்டையைக் காட்டிப் பயணம் செய்யும் இம்முறை வந்தது. முடிவு பதிவாகாத பயணங்களில் சிலவற்றை, பயணியின் வழக்கமான போக்குவரத்தைக் கொண்டு அங்கே கணினியே நிறைவுசெய்து, கூடுதலாக எடுத்ததைத் திருப்பித் தருகிறது. சிங்கப்பூரில் 2024 ஜனவரியில், பழைய பயண அட்டைகளை நிறுத்திவிட்டு, கட்டணத்தை மையக் கணினியில் கணக்கிடும் முறைக்கு, சலுகை அட்டை இல்லாத பெரியவர்கள் மாற வேண்டும் என்று அறிவித்தார்கள். கழிக்கப்பட்ட தொகையும் மீதியும் வாயிலில் தெரியாது என்பதை மக்கள் எதிர்த்தார்கள். இரண்டு வாரத்துக்குள் அந்த முடிவு கைவிடப்பட்டது. பழைய முறையைத் தொடர 4 கோடி சிங்கப்பூர் டாலர் கூடுதலாகச் செலவாகும் என்று தெரிந்தே அந்த அரசு பின்வாங்கியது.

வசதி என்ற பெயரில் வருகிற ஒவ்வொன்றும், அலுவலகம் செய்துவந்த வேலையைப் பயணியின் தலையில் இறக்கிவைக்கிறது. கணக்குப் பார்ப்பதும் அவர், பிழையைக் கண்டுபிடிப்பதும் அவர், விண்ணப்பம் எழுதுவதும் அவர். வங்கி அட்டையே இல்லாதவர் என்ன செய்வார் என்பதைப் பற்றிய பேச்சே இல்லை. இதையெல்லாம் சொல்லும்போது குரல் சற்று உயர்ந்துவிட்டால் பொறுத்தருள வேண்டுகிறேன்.

கேட்பது இதுதான். ஓர் அட்டையும் அது பதிந்த கைப்பேசியும் ஒன்றே என்று உங்கள் கணினி அறியும்படி செய்யுங்கள். அது ஆகும்வரையாவது, நுழைந்த பதிவு இல்லாத அட்டையை வெளியேறும் கருவியில் காட்டும்போது ஓர் எச்சரிக்கை ஒலிக்கட்டும். நிலைய ஊழியரின் திரையில் பயணியின் பதிவு தெரியட்டும். அதிகமாக எடுத்த தொகையைத் திருப்பித் தரும் பொறுப்பை அவரிடமே ஒப்படையுங்கள். எப்போது செய்வீர்கள் என்பதை நாள் குறித்துத் தெரிவிக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
நாள்தோறும் உங்கள் ரயிலில் பயணம் செய்யும் ஒருத்தி