லைப்சிக்கிலிருந்து அக்காவுக்கு

அன்பின் அக்காவுக்கு,

உங்கள் கடிதம் வந்து மூன்று கிழமை ஆகிவிட்டது. கார்த்திகைக்குப் பிறகு நான் ஒரு வரிகூட எழுதவில்லை என்று அம்மா குறைப்பட்டாராம். குறைப்பட வேண்டியதுதான். மன்னித்துக்கொள்ளுங்கள்.

குளிர் கடுமைதான். சாப்பாட்டுக்குக் குறைவில்லை. இங்குள்ள கறுத்த பாணில் நாலு துண்டு தின்றால் பின்னேரம் வரை பசிக்காது. ஞாயிறுகளில் டின் தேங்காய்ப்பாலில் சொதி வைக்கிறேன். மாலையில் நூலகத்தில்தான் இருப்பேன்; அங்கே நல்ல வெளிச்சம், கணகணப்பும் உண்டு.

பனி கொட்டும்போதும் யன்னலைத் திறந்து வைத்துச் செலோ வாசிக்கும் கீழ்வீட்டுப் பாட்டியைப் பற்றி முன்பு எழுதினேன் அல்லவா? வியாழன்தோறும் அவரும் தோழிகளுமாக நாலு பேர் கூடி வாசிக்கிறார்கள். அவர்களுக்காக, அம்மா பியானோவில் வாசிக்கும் ஷூமானின் ‘ட்ரொய்மெராய்’யை நாலு செலோவுக்கு மாற்றி எழுதினேன். 1838இல் ஷூமான் அதை எழுதியது இதே ஊரில்தான்.

24 தாளக்கட்டங்கள்தான், இருந்தும் ஒரு மாதம் பிடித்தது. பியானோவில் பெடலை மிதித்தால் விரலை எடுத்த பிறகும் சுரம் நிற்கும். செலோவுக்குப் பெடல் ஏது? எது எவ்வளவு நேரம் நிற்க வேண்டும் என்று ஒவ்வொருவர் தாளிலும் நீட்டி எழுத வேண்டும். முதலில் எல்லாவற்றையும் நீட்டிவிட்டேன். நாலும் ஒரே குரல் கொண்ட வாத்தியம். கீழ்ச்சுரங்கள் நெருங்கி நின்றதில் பாட்டே அமிழ்ந்துபோனது. பிறகு நடுக்குரல்களில் பாதியை எடுத்துவிட்டேன். சுருதியை மட்டும் மாற்றவில்லை. பாட்டின் சுருதியான எஃப் மேஜரில் செலோவின் சி, ஜி, டி, ஏ என்ற நாலு தந்திகளின் சுரங்களும் இருப்பதால், வில் படாத தந்தியும் சேர்ந்து அதிர்கிறது. அதைக் கேட்க நீங்கள் இருந்திருக்க வேண்டும்.

பாட்டு முதலில் எஃப் வரை ஏறும், அடுத்த முறை ஏ வரை. நம் வெள்ளவத்தைப் பியானோவில் அந்த ஏ கட்டை, கடற்காற்றில் பழுதாகி, எனக்கு நினைவு தெரிந்து ஒலித்ததில்லை. அம்மா விரலை வைப்பார். மரம் தட்டும் சத்தம் மட்டும் வரும். வெளியே ரயில் போகும். போன வியாழன் பாட்டி இடது பெருவிரலைத் தந்தியில் கிடத்தி அந்த ஏ சுரத்தைப் பிடித்தார். இசைத்தட்டில் எத்தனையோ முறை கேட்டதுதான். ஆனாலும் அங்கே இருக்க முடியாமல் படிக்கட்டில் போய் உட்கார்ந்துவிட்டேன். அக்கா, எனக்கு அம்மாவைப் பார்க்க வேண்டும்.

பியானோவை விற்க அவசரப்படாதீர்கள். வீட்டை இடிக்கக் கொடுத்தாலும், சின்னம்மா வீட்டு முன்னறையில் இடம் கேட்டுப் பாருங்கள். கடல்பக்கச் சுவரோடு வைக்க வேண்டாம். சுருதி சேர்ப்பவரை அழைத்து அந்த ஏ கட்டையைத் திருத்துங்கள். அம்மா ஒருமுறையாவது கேட்கட்டும். செலவு என்னுடையது. இந்த மாதக் காசு மட்டும் மாசிக் காசோடு சேர்ந்து வரும், வங்கியில் சிறு தாமதம்.

மாமா கேட்ட கொக்குவில் காணி உறுதி, அலுமாரி மேல்தட்டில் பச்சைக் கோப்பில் இருக்கிறது. பிரதியை மட்டும் கொடுங்கள். அம்மா முழங்கால் மருந்தை நிறுத்திவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
தம்பி