மேசை நாப்கின் மடிப்பும் மேசைப் பழக்கமும்: பெற்றோருக்கு ஒரு கடிதம்

அன்பார்ந்த பெற்றோருக்கு வணக்கம்.

மூன்றாம் வகுப்பு முதல் ஐந்தாம் வகுப்பு வரை உள்ள பிள்ளைகளுக்கு, சாப்பாட்டு மேசையில் வைக்கும் நாப்கினை அழகாக மடிக்கவும் மேசையில் முறையாக அமர்ந்து உண்ணவும் கைவேலைப் பாடவேளையில் கற்றுத் தருகிறோம். வீட்டிலும் பயிற்சி நடந்தால்தான் இது கையில் படியும்.

முதலில் துணி. 45 முதல் 50 செ.மீ. சதுரமுள்ள பருத்தித் துணி ஒன்று போதும். பாலியஸ்டர் வேண்டாம்; மடித்த மடிப்பு நிற்காமல் வழுக்கி விரிந்துவிடும். புதுத் துணியை ஒருமுறை துவைத்த பிறகு அனுப்புங்கள். நீளவாக்கிலும் அகலவாக்கிலும் ஒரே அளவு சுருங்காததால், கடையில் சதுரமாக இருந்தது துவைத்தபின் செவ்வகமாகிவிடுவதுண்டு. மூலைக்கு மூலை மடித்துப் பாருங்கள். ஓரங்கள் ஒட்டி நின்றால் சதுரம்.

கஞ்சி லேசாகப் போடுங்கள்: ஒரு மேசைக்கரண்டி சோளமாவைக் (கார்ன்ஃப்ளார்) குளிர்ந்த நீரில் கரைத்து, இரண்டு கப் தண்ணீரில் கொதிக்கவிட்டு, ஆறியதும் துணியை முக்கிப் பிழிந்து, ஈரம் முழுதும் போகுமுன் இஸ்திரி போடவேண்டும். கெட்டிக் கஞ்சி போட்ட நாப்கின் கம்பீரமாக நிற்கும், ஆனால் வாயைத் துடைத்தால் ஈரத்தை உறிஞ்சாது. பிரித்துப் பயன்படுத்தத்தானே மடிக்கிறோம்!

தொடக்கம் பை மடிப்பு. துணியை இரண்டாகவும் பிறகு நான்காகவும் மடித்தால், ஒரு மூலையில் மட்டும் நான்கு அடுக்குகளும் தனித்தனியாகப் பிரியும். அந்த மூலை மேலே வலப்பக்கம் இருக்கட்டும். மேல் அடுக்கின் முனையை மட்டும் பிடித்து, 3 செ.மீ. பட்டையாக மடித்து மடித்து, இடது மேல் மூலையையும் வலது கீழ் மூலையையும் சேர்க்கும் நடுக் குறுக்குக் கோடு வரை கொண்டுவர வேண்டும். இரண்டாம் அடுக்கின் முனையை அந்தப் பட்டைக்குப் பின்னால் செருகி, 3 செ.மீ. மட்டும் வெளியே தெரியவிட வேண்டும். மூன்றாவதும் அப்படியே. நான்காவதைத் தொடக்கூடாது. கடைசியாக இடது, வலது ஓரங்களைப் பின்பக்கம் மடித்தால் மூன்று சாய்ந்த பைகள் கிடைக்கும். கரண்டியையும் முள்கரண்டியையும் அதில் செருகலாம்.

பிள்ளைகள் தடுமாறுவது பெரும்பாலும் இரண்டு இடங்களில். மூடிய மூலையை மேலே வைத்துவிட்டு, பிரிக்க அடுக்கே இல்லையே என்று விழிப்பார்கள். அல்லது ஒன்றுக்குப் பதில் இரண்டு அடுக்குகளைச் சேர்த்துப் பிடித்துவிடுவார்கள். அப்போது நீங்கள் மடித்துக் கொடுத்துவிடாதீர்கள். முழுதும் பிரித்து, திரும்ப முதலிலிருந்து மடிக்கச் சொல்லுங்கள். இடக்கைப் பழக்கமுள்ள பிள்ளை திறந்த மூலையை இடப்பக்கம் வைத்துக்கொள்ளட்டும்.

விசிறி மடிப்பு அடுத்த மாதம். புடவைக்குக் கொசுவம் வைப்பதுபோலத்தான். கொசுவங்கள் சம அகலமாக இல்லையென்றால் விசிறி ஒருபக்கம் சாய்ந்துவிடும். காகித நாப்கினில் இதைப் பழக வேண்டாம், திரும்பத் திரும்ப மடித்தால் கோட்டில் கிழிந்துவிடும்.

மடிக்குமுன் கைகழுவுவது கட்டாயம். வாயில் படப்போகும் துணி அது.

இனி மேசை. உட்கார்ந்ததும் நாப்கினைப் பிரித்து, இரண்டாக மடித்து, மடிப்புக் கோடு வயிற்றுப்பக்கம் இருக்கும்படி மடியில் விரிக்க வேண்டும். துடைப்பது உள்பக்கத்தில், அப்போதுதான் கறை ஆடையில் படாது. தண்ணீர் குடிக்குமுன் உதட்டை ஒற்றி எடுக்கச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் டம்ளர் விளிம்பில் எண்ணெய்ப் படலம் தங்கும். மூக்கைத் துடைக்க நாப்கின் கூடாது, அதற்குக் கைக்குட்டை தனியாக வேண்டும். நடுவில் எழுந்தால் நாற்காலிமேல் வைக்கலாம். சாப்பிட்டு முடித்ததும் தட்டின் இடப்பக்கம் தளர்வாக வைத்தால் போதும். திரும்ப அழகாக மடித்து வைத்தால், பயன்படுத்தாத துணி என்று யாராவது எடுத்துவிடுவார்கள்.

தட்டுக்கு இடப்பக்கம் முள்கரண்டி. வலப்பக்கம் கத்தி, அதன் கூர்ப்பக்கம் தட்டை நோக்கி. அதற்கு அடுத்து கரண்டி. கத்தியின் நுனிக்கு மேலே டம்ளர். எல்லாக் கைப்பிடிகளும் மேசை ஓரத்திலிருந்து ஒரு கட்டைவிரல் அகலம் உள்ளே. வாயை மூடி மென்று சாப்பிடுவதும், எட்டி எடுக்காமல் பக்கத்தில் இருப்பவரிடம் கேட்டு வாங்குவதும் பிள்ளைகளுக்கு ஏற்கெனவே தெரியும். நினைவூட்டுவதுதான் நம் வேலை.

துணியின் ஓரத்தில் பிள்ளையின் பெயரை நூலால் தைத்து அனுப்புங்கள். பேனா மையில் எழுதினால் கஞ்சித் தண்ணீரில் பரவிவிடும்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்