ஓவன் இல்லாத வீட்டுக்கும் ஸ்வீட் குறிப்பு போடுங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்,

பன்னெண்டு வருஷமா உங்க பேப்பர் தான் எங்க வீட்ல வாங்கறோம், ஞாயித்துக்கிழமை இணைப்ப முன்னாடி நான் எடுப்பேன், இப்போ எட்டாவது படிக்கிற என் பொண்ணு எடுத்துக்கறா. போன மாசம் அதுல சாக்லேட் கேக் குறிப்பு போட்டிருந்தீங்க. பொருள் லிஸ்ட்ட மட்டும் பாத்து எழுதிகிட்டு உண்டியல் காசுல மைதா, கோகோ பவுடர், பேக்கிங் பவுடர் எல்லாம் வாங்கி வந்து மாவு கலக்கி முடிச்சப்புறம் தான் கீழ படிச்சா, 180 டிகிரில ஓவன சூடு பண்ணி வைக்கணுமாம். அம்மா நம்மகிட்ட ஓவன் இல்லியேன்னு கேட்டுட்டு அந்த கிண்ணத்த ரெண்டு கையாலயும் புடிச்சுகிட்டு அப்படியே நின்னா. அதுக்காக தான் சார் இந்த லெட்டர்.

நாங்க இருக்கறது கடலூர் மஞ்சக்குப்பத்துல. எங்க தெருவுல ஓவன் இருக்கற வீடு ஒன்னோ ரெண்டோ தான். வாங்கறதுக்கு காசு மட்டும் போதாது, கொஞ்சம் பெரிய ஓவன்னா 16 ஆம்ப் பிளக் கேக்கும், பழைய வீட்டு சமையல்கட்டுல 5 ஆம்ப் தான் இருக்கும், வாடகைக்கு இருக்கறவங்க அதுக்காக வீட்டுக்காரர்கிட்ட போய் நின்னு தனி லைன் இழுக்க முடியுமா? ஆனா கேஸ் அடுப்பு எல்லார்கிட்டயும் இருக்கு, இட்லி பானை இருக்கு, குக்கர் இருக்கு. அத வச்சு எப்படி செய்யறதுன்னு கூட நாலு வரி சேத்து எழுதினா என்ன குறைஞ்சிடும்.

அன்னிக்கு நான் அந்த மாவ இட்லி பானைல தான் வச்சேன். நல்லா தான் உப்பி வந்துச்சு, ஆனா மூடில இருந்த ஆவி தண்ணி சொட்டு சொட்டா மேல விழுந்து நடுவுல கொழகொழன்னு ஆயிடுச்சு, மேல்பக்கம் கொஞ்சம் கூட காயல. ஆவி 100 டிகிரிய தாண்டாதுல்ல, அப்புறம் எப்படி சிவக்கும். மூடிக்கு துணி கட்டி வச்சா தண்ணி சொட்டறது நிக்குது, அது ரெண்டாவது தடவ தான் தெரிஞ்சுது. மூனாவது தடவ பழைய குக்கர எடுத்தேன். கேஸ்கட்டயும் வெயிட்டையும் கண்டிப்பா கழட்டிடணும், தண்ணி ஊத்த கூடாது, அடில ரெண்டு கப் கல்லுப்பு பரப்பி அது மேல ஒரு ஸ்டாண்ட் வச்சு, மூடி போட்டு மிதமான தீயில பத்து நிமிஷம் சூடு ஏத்திட்டு, அப்புறம் கேக் டின்ன உள்ள வச்சு தீய நல்லா சிம்முல வச்சிடணும். முதல் அரை மணி நேரம் திறக்கவே கூடாது, திறந்தா அமுங்கி போயிடும். நாப்பது நாப்பத்தஞ்சு நிமிஷத்துல கழுவின ஈர்க்குச்சிய நடுவுல குத்தி பாத்தா மாவு ஒட்டாம வரணும். சோறு ஆக்கற குக்கர இதுக்கு எடுக்காதீங்க, வெறும் சூட்டுல அது வீணா போயிடும், பழசு ஒன்ன இதுக்குன்னே ஒதுக்கிடுங்க. என் பொண்ணு அந்த கேக்க வெட்டி மாடி வீட்டு பாட்டிக்கு முதல்ல கொண்டு போய் குடுத்தா.

புதுச்சேரில என் நாத்தனார் வீட்டுக்கு பக்கத்துல ஒரு வயசான அம்மா இருந்தாங்க, கிறிஸ்துமஸ் வந்தா ரவையும் முந்திரியும் ஊற வச்ச பழமும் போட்டு விவிக்கம் கேக் செய்வாங்க. அடுப்புல கனமான பாத்திரம், மேல தட்டு போட்டு மூடி அந்த தட்டு மேலயும் தணல அள்ளி போட்டுடுவாங்க, அவ்ளோ தான். கீழயும் சூடு மேலயும் சூடு, ஓவனும் அத தானே பண்ணுது.

இன்னொன்னும் சொல்லணும் சார். நம்ம ஊர் ஸ்வீட்டுக்கு எந்த காலத்துல டிகிரி பாத்தாங்க, பதம் தான் பாத்தாங்க. 2011 டிசம்பர் 30 விடியக்காலைல தானே புயல் அடிச்சப்போ நாங்க பண்ருட்டி பக்கம் என் மாமியார் ஊர்ல இருந்தோம், முந்திரி மரமும் பலா மரமும் வேரோட சாஞ்சு கிடந்துச்சு, பொங்கல் வரைக்கும் எங்க தெருவுக்கு கரண்ட் வரல. புள்ளைங்க வாடி போய் கிடக்குதுங்களேன்னு அத்தை விறகடுப்புல கடலை உருண்டை புடிச்சாங்க. வறுத்து தோல் நீக்கின கடலை ரெண்டு கப்புன்னா வெல்லம் ஒரு கப்பு, கால் கப் தண்ணி விட்டு கரைச்சு வடிகட்டி பாகு காய்ச்சணும். ஒரு கிண்ணத்துல தண்ணி வச்சுகிட்டு பாக ஒரு சொட்டு விட்டு பாத்துகிட்டே இருந்தாங்க, முதல்ல கரைஞ்சு போச்சு, அப்புறம் ஜவ்வு மாதிரி இழுத்துச்சு, கடைசியா எடுத்து தட்டுல போட்டா கல்லு மாதிரி டங்குன்னு சத்தம் கேட்டுச்சு, உடனே இறக்கி கடலைய கொட்டி கிளறி, அரிசி மாவ கையில தொட்டுகிட்டு சூடு பொறுக்க பொறுக்க புடிச்சாங்க. ஆறி போச்சுன்னா புடிக்க வராது. அந்த டங்குன்னு சத்தத்த எந்த குறிப்புலயும் நான் படிச்சதில்ல, இன்னிக்கு வரைக்கும் அத வச்சு தான் செய்யறேன்.

முந்திரி கேக்கும் அப்படி தான். பண்ருட்டில முழு பருப்பு வேணாம், உடைஞ்ச பருப்பு வாங்கினா விலை கம்மி, எப்படியும் பொடிக்க தானே போறோம். மிக்ஸிய விட்டு விட்டு ஓட்டணும், ஒரேயடியா ஓட்டினா எண்ணெய் விட்டு கட்டி கட்டியா ஆயிடும். ஒரு கப் பொடிக்கு அரை கப் சர்க்கரை, கால் கப் தண்ணி, ஒரு கம்பி பதம் வந்ததும் பொடிய போட்டு சிம்முல கிளறி, கொஞ்சூண்டு எடுத்து உருட்டி பாத்தா விரல்ல ஒட்டாம உருளணும், அப்போ இறக்கி நெய் தடவின தட்டுல பரப்பிடலாம். அடுப்புல இருக்கறது மொத்தமா பத்து பதினஞ்சு நிமிஷம் தான். மாலாடுக்கு அது கூட வேணாம், பொட்டுக்கடலையையும் சர்க்கரையையும் பொடிச்சு ஏலக்காய் போட்டு நெய்ய மட்டும் காய்ச்சி ஊத்தி புடிச்சா முடிஞ்சுது, சின்ன புள்ளைங்களே செய்யலாம், நெய் ஊத்தறப்போ மட்டும் பெரியவங்க கூட இருக்கணும்.

கேக் குறிப்பு போடாதீங்கன்னு நான் சொல்லல சார், புள்ளைங்களுக்கு ஆசையா இருக்கு, போடுங்க. ஓவன் வேணும்னா அத முதல் வரியிலயே சொல்லிடுங்க, கூடவே குக்கர்ல எத்தன நிமிஷம், தீ எவ்ளோ இருக்கணும், வெந்துச்சான்னு எப்படி பாக்கறதுன்னு எழுதுங்க. எழுதறவங்க ஒரு தடவ அடுப்புல செஞ்சு பாத்துட்டு எழுதினா இன்னும் நல்லது, படிக்கிறவங்க என்ன மாதிரி ரெண்டு தடவ மாவ வீணாக்காம இருப்பாங்க.

இன்னும் கொஞ்ச நாள்ல பண்ருட்டி பலாப்பழம் ரோட்டோரம் எல்லாம் வந்து குவிஞ்சிடும். அதுக்கு முன்னாடி ஒரு ஞாயித்துக்கிழமை அடுப்புல கிண்டற பலாப்பழ அல்வா போடுங்க, சுளைய அரைச்சு வெல்லம் எப்போ சேக்கணும், எந்த பதத்துல இறக்கணும்ங்கறத விடாம எழுத சொல்லுங்க.

இப்படிக்கு,
உங்க வாசகி,
மஞ்சக்குப்பம், கடலூர்