ரெட்ஃபிஷ் ஏரியின் செம்மீன்களைக் காத்தவர்களுக்கு

அன்புடையீர்,

உங்களில் யாருக்கும் தமிழ் தெரியாது என்று தெரிந்தேதான் எழுதுகிறேன். நன்றியை நாலு பேர் கேட்கச் சொல்ல வேண்டும் என்பார்கள் எங்கள் வீட்டுப் பெரியவர்கள். எனக்கு வாய்த்த நாலு பேர் தமிழ் படிக்கிறவர்கள். ஐடஹோவுக்குப் பிழைக்க வந்த எங்களைப் போன்றவர்களுக்கு, ஸ்டான்லி ஊரை ஒட்டிய ரெட்ஃபிஷ் ஏரி என்றால் கோடையில் கூடாரம் போட்டுப் படகு விடும் இடம், அவ்வளவுதான். அந்த ஏரிக்குப் பெயர் வரக் காரணமான சாக்கை சால்மன், ஏரியில் பிறந்து, கடலில் வளர்ந்து, முட்டையிடச் சிவந்த உடம்போடு ஏரிக்கே திரும்பும் மீன், இந்நேரம் அற்றுப் போயிருக்க வேண்டியது. போகாததற்குக் காரணம் நீங்கள்.

முதல் நன்றி ஷோஷோன்-பானாக் பழங்குடி மக்களுக்கு. இந்த மீனை அழிவின் விளிம்பில் உள்ள இனமாக அறிவிக்கக் கோரி 1990-இல் மனுப் போட்டவர்கள் நீங்கள். அந்த ஆண்டு ஏரிக்கு ஒரு சாக்கைகூடத் திரும்பவில்லை. 1991 நவம்பரில் அறிவிப்பு வந்தது. கடலிலிருந்து சுமார் 900 மைல், கொலம்பியா ஆற்றில் நான்கு அணைகள், ஸ்னேக் ஆற்றில் நான்கு அணைகள், பிறகு ஏறத்தாழ 6,500 அடி உயரத்துக்கு மலையேற்றம். ஆற்றுக்குள் நுழைந்த பிறகு இரை எடுக்காமலே இத்தனையையும் கடந்து வரும் மீனுக்காகப் பேச அன்றைக்கு அதிகம் பேர் இல்லை.

1992-இல் வந்தது ஒன்றே ஒன்று, அதுவும் ஆண். ‘லோன்சம் லாரி’ என்று ஊரே பெயர் வைத்தது. பாடம் செய்யப்பட்ட லாரியை பாய்சியின் எம்.கே. நேச்சர் சென்டரில் பார்க்கலாம். ஆனால் லாரியின் கதை அங்கே முடியவில்லை. முட்டை பொரிக்க வைத்து மீன்குஞ்சு வளர்க்கும் பொரிப்பகங்களில் வேலை பார்த்த நீங்கள், அதன் விந்தணுவை உறைய வைத்துப் பின்னால் வந்த பெண் மீன்களின் முட்டைகளோடு சேர்த்தீர்கள். 1991 முதல் 1998 வரை திரும்பிய காட்டுமீன்கள் மொத்தமே 16. அந்தப் பதினாறையும், கடலுக்குக் கிளம்பும்போது பிடித்த குஞ்சுகளையும், கடலுக்குப் போகாமல் ஏரியிலேயே தங்கிவிட்ட சில சாக்கைகளையும் வைத்துத்தான் ஈகிள் பொரிப்பகத்தில் வம்சம் வளர்த்தீர்கள். வாஷிங்டன் மாநிலத்தில் மான்செஸ்டரிலும் பர்லி க்ரீக்கிலும் அதே வம்சத்தின் இன்னொரு பங்கை வளர்த்தவர்களுக்கும் நன்றி. ஓரிடத்தில் மோட்டார் நின்று போனாலோ நோய் புகுந்தாலோ இன்னோரிடத்திலாவது தப்ப வேண்டும் என்ற முன்யோசனை அது.

அங்கே நடந்த வேலையை வெளியே யாரும் அதிகம் பேசுவதில்லை. ஒவ்வொரு தாய்மீனின் துடுப்பிலும் துளி வெட்டி மரபணு பார்த்து, நெருங்கிய சொந்தத்துக்குள் இணை சேராதபடி ஜோடி போட்டீர்கள். சம்பந்தம் பேசுகிற தரகருக்குக்கூட இவ்வளவு நிதானம் இருக்காது. தட்டுத் தட்டாக முட்டைகளைப் பார்த்து, செத்து வெளுத்தவற்றை ஒவ்வொன்றாகப் பொறுக்கி எடுத்த கைகளுக்குத் தனியாக ஒரு கும்பிடு.

பொரிப்பகத்தில் பிறந்த மீன்கள் ஏழு, கடலுக்குப் போய் 1999-இல் திரும்பி வந்தன. அடுத்த ஆண்டு 257. 2014-இல் 1,500-க்கும் மேல்.

இதற்கிடையே ஆண்டுக்குப் பத்து லட்சம் குஞ்சு வளர்க்கும் அளவில் ஸ்பிரிங்ஃபீல்டில் புதுப் பொரிப்பகம் 2013-இல் திறந்தது. அங்கே குஞ்சுகள் கொழுகொழுவென்று வளர்ந்தன. ஆற்றில் விட்டதும் வழியிலேயே கொத்துக் கொத்தாகச் செத்தன. வேறு யாராவது இருந்தால் அணையையோ வெயிலையோ கைகாட்டிவிட்டு அடுத்த வேலையைப் பார்த்திருப்பார்கள். நீங்கள் தண்ணீரைச் சோதித்தீர்கள். ஸ்பிரிங்ஃபீல்டில் கிணற்றுத் தண்ணீர், சுண்ணாம்புச் சத்து மிகுந்த கடின நீர். ரெட்ஃபிஷ் ஏரியிலிருந்து இறங்கும் ஓடையோ மிக மென்மையான மலைநீர். ஒரே நாளில் அதிலிருந்து இதற்கு மாற்றியதைக் குஞ்சுகளின் உடம்பு தாங்கவில்லை. அதன்பின் அவற்றை முதலில் சாடூத் பொரிப்பகத்துக்குக் கொண்டுபோய், இரண்டுக்கும் இடைப்பட்ட நீரில் பழக்கி, பிறகுதான் விட்டீர்கள். கோளாறு உங்கள் பக்கம் இருந்ததை மறைக்காமல் எழுதி வெளியிட்டீர்களே, எனக்கு அது 2014-இன் கணக்கைவிடப் பெரிது.

2015 கோடையில் ஆறு கொதித்துக் கிடந்தபோது ஸ்னேக் ஆற்றின் லோயர் கிரானைட் அணையில் மீன்களைப் பிடித்து, குளிர்ந்த நீர்த் தொட்டியில் ஏற்றி ஈகிளுக்கு டிரக் ஓட்டி வந்தவர்களுக்கும், அணைகளில் மீன்கள் ஏறிப் போகக் கட்டிய மீன் ஏணியில் கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்து மீன் எண்ணுகிறவர்களுக்கும் நன்றி. செலவில் பெரும்பங்கு பானவில் மின் நிறுவனம் வழியாக வந்தது. அணைகளின் மின்சாரத்தை விற்கும் அதே நிறுவனம்தான். வேடிக்கைதான், இருந்தாலும் அந்தக் கட்டணத்தைக் கட்டிய வடமேற்கு மக்களுக்கும் நன்றி.

பொரிப்பகத்தைக் குறை சொல்கிறவர்களும் இந்தப் பட்டியலில் உண்டு. தொட்டியில் வளர்வது காட்டுமீன் ஆகாது, ஆற்றைச் சரிசெய்யாமல் குஞ்சு விட்டுக்கொண்டே இருப்பதில் என்ன பயன் என்று கேட்கிறீர்கள். 2019-இல் 17 மீன்களே திரும்பியதைப் பார்த்தால் உங்கள் கேள்வி நியாயம்தான். வெந்நீரும் எட்டு அணைகளும் அப்படியே இருக்கும்வரை பொரிப்பகம் உயிரைப் பிடித்து வைத்திருக்கும், நோயைத் தீர்க்காது. ஆனால் அந்தப் பதினாறு மீன்களை அன்றைக்கு விட்டிருந்தால் இன்றைக்கு வாதாடவே மீன் இருந்திருக்காது. நீங்களும் கேட்பதை நிறுத்த வேண்டாம்.

இந்த ஆகஸ்டிலும் ஓடைப் பொறியில் ஏறும் மீன்களை இறங்கி எண்ணப் போகிறவர்களுக்கு முன்கூட்டியே நன்றி. ஏரிக்கரை முகாமில்தான் இருப்போம். வேலை முடிந்து வாருங்கள், ஃபிளாஸ்க்கில் காபி இருக்கும்.

இப்படிக்கு,
பாய்சியிலிருந்து ஒரு தமிழ்க் குடும்பம்