வேலி மரத்தில் ஒரு தேவாங்கு

கொக்கட்டிச்சோலை

அன்புள்ள மச்சான்,

உன் கடிதம் கிடைத்தது. பிள்ளைகளோடு உங்கள் மலைநாட்டு ஹோட்டன் சமவெளிக்குப் போயும் மரை மான்களைத் தவிர ஒன்றையும் காணவில்லை என்று அலுத்திருக்கிறாய். பகலில் போனால் வேறென்ன கிடைக்கும்? அங்கே பார்க்க வேண்டியவர் இரவில்தான் எழும்புவார்.

மலைத் தேவாங்கைத்தான் சொல்கிறேன். எட்டாம் வகுப்பில் கணக்கு வாத்தியார் உன்னைக் கூப்பிட்ட அதே பெயர்! அறுபது வருடத்துக்கு மேலாக யாருக்கும் அகப்படாததால் அழிந்துவிட்டதென்றே நினைத்தார்களாம். 2002 இல் ஒரு தடவை கண்ணில் பட்டது. 2009 இல்தான் முதல் படம் கிடைத்தது. அதற்காக நம் இலங்கை ஆய்வாளர்களும் லண்டன் விலங்கியல் சங்கத்தாரும் 120 காடுகளில் ஆயிரத்துக்கு மேற்பட்ட தடவை இரவில் தேடியிருக்கிறார்கள். படத்தைப் பார்த்தேன். இங்குள்ளதை விடக் கைகால் குட்டை, மயிர் அடர்த்தி. உங்கள் ஊர்க் குளிருக்குக் கம்பளி போர்த்த மாதிரி.

தேயிலைக்காகக் காட்டைத் துண்டு துண்டாக வெட்டியதுதான் அதற்கு வினையானது. தேவாங்கு குரங்கைப் போலப் பாயாது. ஒரு கிளையைப் பிடித்தபடிதான் அடுத்ததை எட்டும். எட்டாவிட்டால் நிலத்தில் இறங்க வேண்டும்.

இதைப் போன மாதம் நேரிலேயே பார்த்தேன். வயல் காவல் குடிசையான வாடியில் யானைக்காவல். யானை வரவில்லை. நடுச்சாமத்தில் டோர்ச் அடித்தால், வேலியோர வீரை மரத்தில் இரண்டு சிவப்புப் பொட்டு! நம்முடைய சாம்பல் தேவாங்குதான், அரிதானதல்ல. பக்கத்து மரத்துக் கொப்புக்குக் கையை நீட்டியது, தொட்டது, எடுத்தது, மறுபடி நீட்டியது. கால் மணி நேரம் போயிருக்கும், அது கடந்து முடிக்க.

தம்பி அந்த வேலி மரங்களை வெட்டிவிட்டுக் கொங்கிறீட் தூண் போடக் கிடந்தவன். வேண்டாமென்றேன். "தேவாங்குக்காகவா?" என்று சிரித்தான். கடைசியில் ரோட்டுப் பக்கம் மட்டும் வெட்டுவதென்று முடிவானது. அதுவும் எனக்குப் பிடிக்கவில்லை, ஆனால் காணி அவனுடையது.

அன்றிரவு நித்திரை வரவில்லை மச்சான். நாம் பிஸ்கட் பெட்டியில் அடைத்துப் பால்சோறு ஊட்டிய அந்தத் தேவாங்குக் குட்டிதான் நினைவில் நின்றது. மூன்றாம் நாள் செத்துக் கிடந்தது. வைக்கோல் போருக்குப் பின்னால் புதைத்துவிட்டு ஒருவரிடமும் மூச்சு விடவில்லையே. உனக்கு ஞாபகமிருக்கிறதா?

சரி, விடுமுறைக்கு வா. வாடியில் படுப்போம். டோர்ச்சுக்குச் சிவப்புத் தாள் சுற்றி வைத்திருக்கிறேன், தேவாங்கின் கண் கூசாது. வரும்போது லீக்ஸ் கொஞ்சம் கொண்டு வா, இங்கே வாடினதுதான் விற்கிறார்கள்.

இப்படிக்கு,
உன் பழைய கூட்டாளி