வயிற்று ஸ்கேனில் நெஞ்சுச் சேதி

தருமபுரி

அன்புள்ள மாப்ள,

கடிதம் கிடைத்தது. உன் மாமியாருக்கு வயிற்று வலி என்று சிடி ஸ்கேன் எடுக்கப் போனால், "நுரையீரல் அடியில் வைரல் தொற்று" என்று எழுதிவிட்டார்கள், காசு பறிக்கிற வேலையா என்று கேட்டிருந்தாய். இல்லடா. பெரியவனிடம் கொடுத்தனுப்பிய ஃபிலிமைப் பார்த்தேன். சரியாகத்தான் எழுதியிருக்கிறார்கள்.

வயிற்று சிடி, நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கிற உதரவிதானத்துக்குக் கொஞ்சம் மேலேயே ஆரம்பிக்கும். அதனால் முதல் சில படங்களில் நுரையீரலின் அடிப்பகுதியும் விழுந்துவிடும். கொரோனா சமயத்தில் இதை நிறையவே பார்த்தோம். இருமலே இருக்காது, வாந்தி, பேதி, வயிற்று வலி. அப்பெண்டிக்ஸாக இருக்குமோ என்று எமர்ஜென்சியிலிருந்து அனுப்புவார்கள். குடல்வாலில் ஒரு வீக்கமும் இருக்காது. படங்களை மேலே உருட்டினால் நுரையீரல் ஓரத்தில், முதுகுப் பக்கமாக, பனிமூட்டம் போலத் திட்டுத் திட்டாக. கருப்பாக இருக்க வேண்டிய இடம் சாம்பலாகியிருக்கும், ஆனால் உள்ளே ஓடும் ரத்தக்குழாய் மறையாது. அப்போதிருந்து வயிற்றுப் படம் வந்தால் நான் முதலில் பார்ப்பது நெஞ்சைத்தான்.

நெஞ்சு நோய்க்கு வயிறு ஏன் படுகிறது என்றால், கொரோனா கிருமி ஒட்டிக்கொள்ளும் ஏசிஇ2 புரதம் சிறுகுடலின் உள்சுவரிலும் ஏராளம். தவிர, நெஞ்சின் கீழ்ப்பகுதி நரம்புகளேதான் வயிற்றுச் சுவருக்கும் போகின்றன. நுரையீரல் அடியில் புண்பட்டால் வயிறு வலிக்கிற மாதிரி இருக்கும். நிமோனியா வந்த சில குழந்தைகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு அழுவது இதனால்தான்.

நிஜமாகவே வயிறு கெடுபவர்களும் உண்டு. பாஸ்டனில் மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனைக்காரர்கள் 2020-ல் 412 கொரோனா நோயாளிகளை அலசியபோது, எடுத்த 42 சிடிகளில் 13-ல் குடல் சுவர் மாறியிருந்தது. குடல் சுவருக்குள்ளேயே காற்று தெரிந்தால்தான் எனக்கு வயிற்றைக் கலக்கும். ரத்தம் போகாமல் குடல் அழுகத் தொடங்கியிருக்கலாம், சர்ஜனை உடனே கூப்பிட வேண்டும். அங்கேயும் அப்படி இருந்தவர்கள் ஐசியூ நோயாளிகள்தான்.

மாமியார் படத்தில் அதெல்லாம் இல்லை. பித்தப்பை மட்டும் கொஞ்சம் உப்பியிருக்கிறது. சாப்பிடாமல் கிடந்தாலே அப்படி ஆகும், கல் கிடையாது. கொரோனாவா ஃப்ளூவா என்பதைப் படம் சொல்லாது, மூக்கில் குச்சி விட்டுத்தான் பார்க்கணும். ரத்தத்தில் ஆக்சிஜன் 94 சதவீதத்துக்குக் கீழே இறங்கினால் மட்டும் விடியட்டும் என்று காத்திருக்காதே.

அப்புறம், அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. அடுப்புப் பக்கம் போகாதே என்றால் கேட்பதில்லை, களி நான் கிண்டினால்தான் ஆச்சு என்கிறாள். ஆனி முடிவதற்குள் காவேரிப்பட்டணம் வரப் பார்க்கிறேன். மல்கோவா வாங்கி வை.

உன்,
பழைய பெஞ்சுக்காரன்